கேட்டுவிட்டுத் தொடுங்கள்: மரணப் படுக்கையருகிலும் துக்க வீட்டிலும் துணை நிற்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு தறி வீட்டின் முன்னறை என்று வைத்துக்கொள்வோம். எண்பது வயது ஆயா படுத்த படுக்கையாக இருக்கிறார். பகலெல்லாம் சத்தமில்லாமல் கிடப்பவர், துணி மாற்றப் போர்வையை விலக்கியதும் கையைத் தட்டிவிடுகிறார், கீறுகிறார், வாயில் வராத வசவெல்லாம் வருகிறது. "ஆயாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு" என்கிறான் பேரன். இரண்டு பேர் கையை அமுக்கிப் பிடிக்க, மருமகள் அவசர அவசரமாகத் துடைத்து முடிக்கிறார். மறுநாள் ஆயா கஞ்சியையும் வேண்டாம் என்கிறார்.

அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஆயா ஏன் கத்தினார் என்று யாரும் யோசிக்கவில்லை. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது வலி: இடுப்பில் படுக்கைப்புண் இருந்தால் புரட்டும்போது உயிர் போகும். இரண்டாவது திடீர்க் குழப்பம்: சிறுநீர்த் தொற்று, நாலைந்து நாள் மலச்சிக்கல், புது மாத்திரை, தண்ணீர் வற்றுதல் ஆகியவை முதியவர்களுக்கு ஒரே நாளில் புத்தியைத் தடுமாற வைக்கும். மூன்றாவது பழைய மனக்காயம். எந்த வயதிலோ யாரோ அத்துமீறியிருக்கலாம், கணவன் அடித்திருக்கலாம், பிரசவத்தில் கையைக் காலைக் கட்டியிருக்கலாம். மனது மறந்தாலும் உடம்பு மறப்பதில்லை. போர்வை சட்டென்று விலகும் நொடியில் அது அன்றைக்குப் போய்விடுகிறது.

முதல் இரண்டையும் செவிலியரோ மருத்துவரோ பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவதைக் கண்டுபிடிக்க முடியாது, தோண்டிக் கேட்கவும் கூடாது. அதனால் எல்லாரிடமும் அப்படி ஒன்று இருக்கலாம் என்று நினைத்தே நடந்துகொள்வதுதான், மனக்காயத்தை மனதில் வைத்துத் துணை நிற்கும் இந்த முறையின் அடிப்படை. அமெரிக்க அரசின் மனநல நிறுவனமான சாம்ஸா 2014ல் இதற்கு ஆறு கோட்பாடுகளை வகுத்தது: பாதுகாப்பு, ஒளிவுமறைவின்மை, அதே துன்பம் பட்டவர்களின் துணை, சேர்ந்து முடிவெடுத்தல், அவரவர் குரலுக்கும் விருப்பத்துக்கும் இடம், பண்பாடு, வரலாறு, பாலினம் சார்ந்த கவனம். நம் ஊர்ச் சாவு வீடுகளில் துணைக்குப் பஞ்சமில்லை, கூட்டமே இருக்கும். அடிபடுவது ஐந்தாவது. சாகப்போகிறவரையும் தாலி இழந்தவளையும் யாரும் எதையும் கேட்பதில்லை.

1. வீட்டுக்குள் போவதற்கு முன்

குடும்பத்தில் ஒருவரிடம் போனிலோ வாசலிலோ நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரை எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும்? ஆண் தொட்டால் ஒத்துக்கொள்வாரா, பெண்தான் வேண்டுமா? எந்தச் சத்தம், வாசனை, ஆள் அவரைக் கலங்கடிக்கும்? நோயைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும்? இவை போதும். "சின்ன வயசுல ஏதாச்சும் நடந்துச்சா?" என்பது உங்களுக்குத் தேவையில்லாத கேள்வி. அவராகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நான்காவது கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில், "அப்பாவுக்குக் கேன்சர்னு தெரியாதுங்க, நீங்க சொல்லிராதீங்க." நீங்களாகப் போட்டு உடைக்க வேண்டாம். பொய்யும் சொல்ல வேண்டாம். "நானா சொல்லமாட்டேனுங்க. ஆனா அவரே என்கிட்ட நேரா கேட்டா இல்லைன்னு சொல்ல முடியாது, உங்களைக் கூப்பிடுறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படுத்திருப்பவருக்கு அரைகுறையாகத் தெரிந்துதான் இருக்கும். கதவுக்கு வெளியே கிசுகிசுப்பதும், அவர் பார்த்ததும் பேச்சை மாற்றுவதும்தான் அவரைத் தனியாக்கும். ஏற்கெனவே ஏமாற்றப்பட்டு அடிபட்டவருக்கு அது இரட்டிப்பாக வலிக்கும்.

2. முதல் பத்து நிமிடம்

வாசலிலேயே குரல் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். கால்மாட்டுப் பக்கமாக, அவர் கண்ணில் படும்படி வாருங்கள். தலைமாட்டிலிருந்து குனிந்தால் எவருக்கும் திடுக்கென்றிருக்கும். நின்றுகொண்டு பேசாதீர்கள். முக்காலியோ பாயோ போட்டு, அவர் கண் மட்டத்தில் ஒரு கை தூரத்தில் உட்காருங்கள். கதவுக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து வழியை அடைக்காதீர்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வெளியேறும் வழி தெரியாத இடத்தில் அடிபட்டவர்களுக்கு மூச்சே முட்டும்.

பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள். "ஆயா, நான் கால் மணி நேரம் இருப்பேனுங்க. வேண்டாம்னா கையைக் காட்டுங்க, போயிடறேன்." பேச முடியாதவர் என்றால் கைச்சாடை ஒன்றை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு விரல் சரி, உள்ளங்கை காட்டினால் நிறுத்து. அந்த உள்ளங்கை எழும்பினால் பாதித் துடைப்பில்கூட நிறுத்த வேண்டும். ஒருமுறை நிறுத்திக் காட்டினால், அடுத்த முறை அவரே விடுவார். நிறுத்தாமல் முடித்துவிட்டால் அந்த வீட்டில் உங்கள் நம்பிக்கை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. உடம்பைத் தொடும் வேலைகள்

ஒவ்வொரு வேலையையும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். "இப்போ போர்வையை முட்டி வரைக்கும் எடுக்கிறேன். அப்புறம் வெந்நீர்த் துணி, இடது கால்ல இருந்து." முழுப் போர்வையையும் உருவாதீர்கள். துடைக்கும் பகுதி மட்டும் வெளியே, மீதி மூடியிருக்கட்டும். முதல் தொடுகை தோளிலோ முழங்கையிலோ இருக்கட்டும், இடுப்பில் வேண்டாம். துணியை அவர் கையிலேயே கொடுத்து, முடிந்த இடத்தை அவரே துடைத்துக்கொள்ள விடுங்கள். பத்து நிமிட வேலை இருபது நிமிடமாகும், ஆகட்டும். அறையில் வேலை செய்பவரும் அவர் விரும்பும் ஒருவரும் இருந்தால் போதும். சம்பந்தி வீட்டார் பார்க்க வந்திருந்தால் காபி கொடுத்து வெளியே உட்கார வையுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். முழுக்க ஒருக்களிக்காமல் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து முப்பது பாகை சாய்த்தால் இடுப்பெலும்பில் பாரம் விழாது. கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துணி வைத்துக் குதிகாலைத் தூக்கி வையுங்கள். கடைசி ஓரிரு நாளில், அசைத்தாலே முகம் சுளித்தால், இந்தக் கணக்கைத் தளர்த்திவிடலாம். அப்போது புண் வராமல் தடுப்பதைவிட நிம்மதி முக்கியம்.

வாய்ச் சுத்தத்துக்கு: காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன். பஞ்சையோ மெல்லிய துணியையோ நனைத்துப் பிழிந்து, உதடு, ஈறு, கன்னத்தின் உட்புறம் என்று ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை துடையுங்கள். தினம் புதிதாகக் கலக்குங்கள். விரலை வாய்க்குள் திணிக்காதீர்கள். உதட்டைத் தொட்டுக் காத்திருந்தால் தானே திறப்பார். வாயில் எதையாவது திணிப்பது பலருக்குத் தாங்க முடியாத பழைய நினைவு. உதடு வெடித்தால் தேங்காய் எண்ணெய் தடவலாம், ஆனால் ஆக்சிஜன் ஓடும் வீட்டில் எண்ணெய் வேண்டாம். அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் எரியக் கூடாது. சாமி விளக்கை வேறு அறைக்கு மாற்றச் சொல்லுங்கள், காரணம் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

கையைக் கட்டில் காலில் கட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. மூத்திரக் குழாயைப் பிடுங்குகிறார் என்பார்கள். கட்டினால் பிடுங்குவது நிற்கும், ஆனால் கலவரம் அதிகமாகும். குழாய் உண்மையிலேயே வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வேண்டுமென்றால் குழாயைத் தொடையில் ஒட்டி வேட்டிக்கு அடியில் மறைத்து, கையில் பிடித்துக்கொள்ள ஒரு துண்டோ ஜெபமாலையோ கொடுங்கள்.

அப்படியும் அவர் பழைய பயத்துக்குள் போய்விட்டால் (கண் எங்கோ நிலைகுத்தும், உடம்பு விறைக்கும், அல்லது உங்களை வேறு யாரோ என்று நினைத்துக் கெஞ்சுவார்) எல்லாவற்றையும் நிறுத்துங்கள், கையை எடுங்கள், ஓரடி பின்வாங்குங்கள். "கண்ணை மூடி நல்லா மூச்சு விடுங்க" என்பது இங்கே உதவாது. மூச்சிரைப்புள்ளவருக்கு அது பயத்தைக் கூட்டும், கண்ணை மூடினால் பழைய காட்சி தெளிவாகும். கண் திறந்தபடி இருக்கட்டும். தாழ்ந்த குரலில், சின்னச் சின்ன வாக்கியமாக: "ஆயா, இது உங்க வீடு. அம்மாப்பேட்டை. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பக்கத்துல தறி ஓடுது, கேக்குதுங்களா? நான் பக்கத்துத் தெரு செல்வி. யாரும் உங்களைத் தொடல." குளிர்ந்த டம்ளரைக் கையில் கொடுக்கலாம். தறிச் சத்தத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாழ்நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் தூங்கியவருக்கு, 'நோயாளி இருக்கிறார்' என்று தறியை நிறுத்தினால் அந்த அமைதிதான் கலக்கமாக இருக்கும். நிறுத்துவதற்கு முன் அவரைக் கேளுங்கள்.

4. வலியும் மருந்தும்

வலி அடங்காமல் மனதைத் தேற்ற முடியாது. லண்டனில் 1967ல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகும் தறுவாயில் உடல் வலி, மன வலி, உறவு வலி, ஆன்ம வலி எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் என்றார். ஆனாலும் அவிழ்க்கத் தொடங்க வேண்டியது உடல் வலியிலிருந்துதான்.

மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் "போதை மருந்து, பழகிடும்" என்று ஒளித்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. சரியான அளவில் கொடுத்தால் புற்றுநோய் வலிக்காரர் அதற்கு அடிமையாவது அரிது. சாதாரண மார்பின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும் என்பதால், வலி வந்த பிறகு தேடாமல் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். கூடவே மலமிளக்கி கட்டாயம். இதை விட்டுவிட்டு, மலச்சிக்கலால் வந்த குழப்பத்தை 'மார்பின் மூளையைக் கெடுத்துருச்சு' என்று தவறாகப் புரிந்துகொள்வதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. அளவை மருத்துவர் மட்டுமே மாற்ற வேண்டும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் சேர்ந்தது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். வருகிறவர் புதியவர் என்பதால், அவர் வரும் நாளும் நேரமும் நோயாளிக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

5. கீழே இறக்குவதா, மேலேயே இருப்பதா

ஏற்காடு மலையில் இருப்பவர்கள் இதைத் தெளிவாக, நிதானமான நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். சேலத்துக்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எலும்பில் புற்று பரவியவருக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு தண்டனை. போய்த்தான் ஆக வேண்டுமென்றால் வலி மருந்தைக் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் கொடுங்கள். வாந்திக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் சுருட்டிய கம்பளி வைத்து உடம்பு புரளாமல் நிறுத்துங்கள். மூடுபனியில் வண்டி ஊர்ந்துதான் போகும், நேரத்தை அதற்கேற்பக் கணக்கிடுங்கள். வண்டிச் சாலை எட்டாத சிற்றூர் என்றால், சாலை வரைக்கும் யார் தூக்குவது என்பதையும் பேசி வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு நாகலூரில் ஆள் தேட முடியாது.

கேட்க வேண்டிய கேள்வி: "மூச்சு திணறுனா ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, இல்ல வீட்லயே இருக்கணுமா?" நோயாளியைக் கேளுங்கள், அவர் தெளிவாக இருக்கும்போது கேளுங்கள், பதிலை ஒரு தாளில் எழுதி எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். சட்டப்படி எழுதி வைக்க விரும்பினால், உச்ச நீதிமன்றம் 2018ல் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியதால் இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும்.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களுக்குப் போகிறவர்கள் நேராக நோயாளியின் வீட்டுக்குள் நுழையாமல் ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வெளியாள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனால் நிலம், வழக்கு என்று பழைய அச்சங்கள் கிளம்பும். நோட்டுப் புத்தகத்தை முதல் வருகையில் எடுக்கவே வேண்டாம்.

6. கடைசி மணிகள்

என்ன நடக்கும் என்று குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தெரியாதது திடீரென்று நடந்தால் அதுவே அவர்களுக்கு மனக்காயமாகிவிடும். தூக்கம் அதிகமாகும். கை கால் சில்லிடும், முட்டியில் நீலத்திட்டு படரும். மூச்சு வேகமாகி, பிறகு நின்று, பத்து இருபது விநாடி கழித்துத் திரும்ப வரும். தொண்டையில் கரகரவென்று சளிச் சத்தம் கேட்கும். அது பார்ப்பவர்களைத்தான் வதைக்கிறது, அவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உறிஞ்சு குழாயைத் தொண்டைக்குள் விட்டால்தான் வேதனை. "ட்ரிப்ஸ் போட்டா தெம்பா இருப்பார்" என்பார்கள். இந்தக் கட்டத்தில் அந்தத் தண்ணீர் வீக்கமாகவும் சளியாகவும்தான் சேரும்.

அடுத்தது பால். "உயிர் இழுத்துக்கிட்டே இருக்குது, பால் ஊத்துங்க" என்று ஒரு பெரியவர் சொல்வார். இதைத் தடுக்க வேண்டாம், வழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு: ஒவ்வொருவருக்கும் கடைசியாக ஏதோ செய்தோம் என்ற நிறைவு. சிக்கல் அளவில். விழுங்கும் சக்தி போனவருக்கு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் என்று இருபது பேர் ஊற்றினால் நூறு மில்லி. அது நுரையீரலுக்குப் போய்ப் புரையேறும். அந்தத் திணறலைக் கடைசியாகப் பார்த்த மகன், "நான் ஊத்துன பால்லதான் போனாரு" என்று ஆயுளுக்கும் சுமப்பான். பஞ்சைப் பாலில் நனைத்து நன்றாகப் பிழிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, உதட்டில் மட்டும் ஒற்றச் சொல்லுங்கள். எல்லாரும் செய்யலாம்.

காது கடைசி வரை கேட்கக்கூடும் என்று நினைத்தே பேசுங்கள். பங்குத் தகராறு, 'எப்போ எடுக்கிறது' எல்லாம் தெருவில் வைத்துக்கொள்ளட்டும். அவர் பயந்த ஆள் யாராவது இருந்தால், அந்த ஆள் உறவாகவே இருந்தாலும், "கடைசியா ஒருதரம் பாத்துரட்டும்" என்று தலைமாட்டில் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். மன்னிக்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

7. உயிர் பிரிந்த பிறகு

எதிர்பார்த்த சாவு என்றால் அவசரமே இல்லை. ஐஸ் பெட்டிக்கு உடனே போன் போடாமல், குடும்பம் தொட்டு அழ அரை மணியாவது விடுங்கள். பெட்டி வந்துவிட்டால் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க முடியும். பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்குங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே பதிவு செய்வார்கள். அரசு மருத்துவமனையிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377.

விபத்து, தற்கொலை, கொலை என்றால் நிலைமையே வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ம் பிரிவின் கீழ் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் நடக்கும். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் உண்டு. "இது எல்லாருக்கும் நடக்கிற முறை, உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை" என்று ஒருவர் அமைதியாகச் சொன்னாலே பாதி நடுக்கம் குறையும். தற்கொலை, சந்தேக மரணம் என்றால் பரிசோதனை பெரும்பாலும் பகலில்தான் நடக்கும். மாலையில் நடந்தது என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைப் பிணவறை வாசலில் இரவு முழுக்கக் காத்திருக்க நேரும். அந்த இரவுக்கு வேண்டியவை: தண்ணீர், போர்வை, போன் சார்ஜர், ஆதார் நகல்கள், கையெழுத்துக்கு அலைய ஒரு ஆள், அம்மாவின் பக்கத்தில் நகராமல் உட்கார இன்னொரு ஆள். அலைபவரும் உட்காருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

உடலைப் பார்ப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொருவரின் விருப்பம். "நீ பாக்காத, தாங்கமாட்ட" என்று தடுப்பதும், "பாத்தாத்தான் மனசு ஆறும்" என்று இழுப்பதும் தவறு. முதலில் தாங்கக்கூடிய ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து உள்ளதைச் சொல்லட்டும்: முகத்தில் வலது பக்கம் காயம், தலையில் கட்டு, உடம்பு சில்லென்று இருக்கும். அதைக் கேட்டபின் அவர் முடிவெடுக்கட்டும். முகம் முடியாதென்றால் கையை மட்டும் வெளியே வைத்துக் காட்டலாம். நகைகளைப் பட்டியல் போட்டு வாங்குங்கள். மகளின் கொலுசை யார் கழற்றுவது, கழற்றவே வேண்டாமா என்று அம்மாவைக் கேளுங்கள். சேலத்தில் அந்தக் கொலுசு அந்த வீட்டுப் பட்டறையிலேயே செய்ததாகவும் இருக்கலாம்.

போனில் படம் எடுப்பவர்களை வாசலிலேயே தடுக்க ஒரு இளைஞரை நிறுத்துங்கள். விபத்துப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, பத்து வயது தங்கையின் கையில் வந்து சேரும்.

தற்கொலை நடந்த வீட்டில் முதலில் பார்த்தவர் யார் என்று விசாரித்து, அவரைத் தனியாகக் கவனியுங்கள். எல்லாரும் தாயையும் மனைவியையும் சூழ்ந்திருக்கும்போது, கதவைத் திறந்த பதினாறு வயதுத் தம்பி மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருப்பான். அந்த அறையைச் சுத்தம் செய்யும் வேலையை, போலீஸ் அனுமதித்த பிறகு, குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்கள் செய்யட்டும்.

8. கேதம் கேட்க வரும் கூட்டம்

கேதத்துக்கு வரும் ஒவ்வொருவரும் "என்னாச்சு, எப்படி நடந்துச்சு?" என்று கேட்பார்கள். அன்பில்தான். ஆனால் மனைவி ஒரே நாளில் நாற்பது தடவை அந்தச் சாலை விபத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடந்ததை உடனே கொட்டவைப்பது காயத்தை ஆற்றாது என்பதால், உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. வாசல் பந்தலில் ஒரு பெரியப்பாவை உட்காரவைத்து, கதையை அவர் சொல்லட்டும். உள்ளே போகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் போதும். தற்கொலை என்றால் குடும்பம் சொல்ல ஒரே வாக்கியத்தைத் தயார் செய்து கொடுங்கள்: "அதைப் பத்தி இப்ப நாங்க பேசலைங்க."

ஒப்பாரி பலருக்குப் பெரிய வடிகால். பாடத் தெரிந்த பாட்டிகள் எந்த ஆலோசகருக்கும் குறைந்தவர்களில்லை. சிலருக்கோ அந்தக் குரல் உயரும்போது நெஞ்சு படபடக்கும். எழுந்து போக விடுங்கள். அழாமல் கல்லாக உட்கார்ந்திருப்பவளை "அழுதுரு தாயி" என்று உலுக்க வேண்டாம். அவள் உறைந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஊர்வலத்தில் வேட்டு வெடிப்பதைப் பற்றி முன்பே பேசுங்கள். விபத்தில் பிழைத்து வந்தவர் வீட்டில் இருந்தால் வேட்டு வேண்டாம், பறை மட்டும் போதும் என்று கேட்டால் ஊரில் ஒத்துக்கொள்வார்கள்.

தாலி வாங்குவது, வளையல் உடைப்பது, பூவைப் பறிப்பது: இவற்றுக்குச் சம்மதமா என்று அவளிடம் தனியே, ஒரு பெண், சடங்குக்கு முந்தைய நாளே கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அதைச் சபையில் சொல்லும் பொறுப்பு அவள் மேல் விழக் கூடாது. பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவரும் அண்ணனோ தம்பியோதான் அங்கே பேச்சு எடுபடும் ஆள், அவரைப் பிடியுங்கள். சடங்கு வேண்டும் என்றே அவள் சொன்னால் அதையும் மதியுங்கள். ஆண்கள் கூட்டம் இல்லாமல் அறைக்குள் நடத்தலாம், வளையலை உடைக்காமல் கழற்றலாம்.

9. குழந்தைகள்

"தாத்தா தூங்குறார்", "சாமிகிட்ட போயிருக்கார்" வேண்டாம். முதலாவது தூங்கப் பயப்பட வைக்கும், இரண்டாவது 'எப்போ வருவார்' என்று காத்திருக்க வைக்கும். "தாத்தா செத்துட்டாரு. அவர் உடம்பு இனி வேலை செய்யாது, வலிக்காது, திரும்ப வரமாட்டார். நீ எதுவும் செஞ்சதால இல்ல." கடைசி வாக்கியம் மிக முக்கியம். தான் திட்டியதால்தான் செத்துப்போனார் என்று பல குழந்தைகள் நினைக்கும். காரியங்களில் கலந்துகொள்ளலாமா என்று கேளுங்கள், அவனுக்கென்றே ஒரு ஆள் கூட இருக்கட்டும், போதும் என்றால் வெளியே அழைத்துப்போகட்டும். நெய்ப்பந்தம் பிடிக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

10. பதினாறாம் நாளுக்குப் பிறகு

கருமாதி முடிந்ததும் பந்தலைப் பிரிப்பார்கள், உறவு கிளம்பும், வீடு வெறிச்சோடும். துணைக்காரருக்கு வேலை அன்றுதான் ஆரம்பம். இருபதாம் நாள் வாக்கில் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை கால் மணி நேரம் போய் வாருங்கள். நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை: இறந்த தேதி, பிறந்தநாள், கல்யாண நாள், இறப்புக்குப் பின் வரும் முதல் தீபாவளி, ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா, மலையில் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. ஊரே கொண்டாடும்போது துக்க வீடு மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளும். "ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க" என்று சொன்னால் யாரும் சொல்லமாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசுக்கு வாரிசுச் சான்றிதழுக்குக் கூட வர்றேன்" என்றால் வேலை நடக்கும்.

துக்கம் ஐந்து படிகளாக வரும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969ல் அப்படி எழுதியது சாகப்போகிற நோயாளிகளைப் பற்றி. காலையில் சிரித்துத் தறி நெய்து மாலையில் சட்டையை முகர்ந்து அழுவது சரியான துக்கம்தான்.

தூக்க மாத்திரை விஷயத்தில் உறுதியாக இருங்கள். துக்கத்துக்காக மட்டும் டயஸிபாம், அல்பிரஸோலம் போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013லேயே சொல்லியது. சாராயமும் அதே கணக்கு.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? சர்வதேச நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் பட்டியல் பெரியவர்களுக்கு ஒரு வருடம், குழந்தைகளுக்கு ஆறு மாதம் என்கிறது. நம்மிடம் முதல் திதி வரை துக்கம் காப்பது வழக்கம் என்பதால் மாதக் கணக்கைவிட முடக்கத்தைப் பாருங்கள்: வேலைக்குப் போவதில்லை, குளிப்பதில்லை, விபத்து நடந்த சாலையைச் சுற்றிப் பல கிலோமீட்டர் போகிறார், இரவெல்லாம் அதே காட்சி. மனநல மருத்துவப் பிரிவுக்கு அனுப்புங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ல் தமிழிலேயே பேசலாம்.

சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துரலாம்னு தோணுதுங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருப்பவருக்கு வாய் திறக்க வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து, மிச்ச மாத்திரை, இறந்தவரின் மார்பின் உட்பட எல்லாவற்றையும் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். இன்றே என்ற நிலை என்றால் 108.

11. விலகும்போது

ஒரு துணைக்காரர் ஒரே நேரத்தில் மூன்று வீட்டுக்கு மேல் எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தால் அதே மாதிரிச் சாவு நடந்த வீட்டுக்கு வேறொருவர் போகட்டும். இரவில் பார்த்தது கனவில் வந்தால் மூத்த துணையிடம் அந்த வாரமே சொல்லுங்கள், ஆனால் அந்த வீட்டின் பெயரைச் சொல்லாமல். வருகையை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கடைசி நாளில் திடீரென்று சொல்லாதீர்கள். "இன்னும் ரெண்டு தடவை வருவேனுங்க, அடுத்தது ஆடி கழிச்சு, அதோட முடிச்சுக்கலாம்" என்று முந்திய வருகைகளிலேயே சொல்லி, சொன்ன தேதியில் போய் நில்லுங்கள்.